சானடோரியமும் விழித்திரையும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிக் கிளம்பும் மின்சார ரயில் முதலில் நிற்கும் இடம் தாம்பரம் சானடோரியம். ஆங்கிலச் சொல்லொன்று ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. 1928இல் மருத்துவர் சவுரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். (இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணிதமேதை ராமானுஜனும் சிலகாலம் தங்கிச் சிகிச்சை பெற்றார்.) 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. நுரையீரலுக்காக எழுந்த இவ்விடத்தின் கதை விழித்திரையின் கதையைத் தொடும் ஒரு காலகட்டத்தை இங்கே பேச விழைகிறோம்.

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதலில் உறுதிசெய்யப்பட்டது சென்னையில், 1986இல். சுனிதி சாலமன் தலைமையிலான குழுவினரால். அத்தொற்றின் நெருங்கிய துணை காசநோய். ஆகவே தொண்ணூறுகளில் நோயாளிகள் சானடோரியத்தை நாடி வந்தது இயல்பே. பிற இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டோருக்கும் இங்கே கட்டில் கிடைத்தது.

இந்நோயாளிகளின் பார்வையைப் பறித்தது சைட்டோமெகலோ என்னும் வைரஸ். நம்மில் பெரும்பாலோரின் உடலில் அது வாழ்நாள் முழுதும் அரவமின்றி உறங்குகிறது. சிடி4 அணுக்கள் ஐம்பதுக்கும் கீழே சரியும்போது விழித்தெழுந்து விழித்திரையை அரிக்கிறது. வலி கிடையாது, கண் சிவப்பதும் இல்லை. மிஞ்சிப்போனால் கண்முன் சில புள்ளிகள் மிதக்கும். சொட்டு மருந்திட்டுக் கண்பாவையை விரித்து உள்ளே நோக்கினால் மட்டுமே, இரத்தநாளங்களை ஒட்டி வெண்திட்டுகளும் அவற்றினிடையே இரத்தக்கசிவும் புலப்படும். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவரிடம் வந்தவர் கண்ணைக் காட்ட வேண்டுமென்று எண்ண ஒரு காரணமும் இராது. இந்நோயின் கொடுமையே இதுதான் என்று கருதுகிறோம்.

எய்ட்ஸ் நோயாளிகளின் கண் பாதிப்பு குறித்து, இந்தியாவின் முதல் இரண்டு நேர்வுகளை சங்கர நேத்ராலயாவின் ஜோதிர்மய் பிஸ்வாஸும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்டனர். சுனிதி சாலமன் நிறுவிய ஒய்ஆர்ஜி கேர் அமைப்போடு சேர்ந்து 2000இல் அவர்கள் பதிப்பித்த கட்டுரையில் நேர்வுகளின் எண்ணிக்கை நூறு. இரண்டு நூறானது ஐந்தே ஆண்டுகளில். அந்நூறு பேரிடையே சந்தர்ப்பவாதத் தொற்றுகளில் மிகுதியாகக் காணப்பட்டது இந்த வைரஸ்தான்.

கான்சிக்ளோவிர் என்ற மருந்து இருந்தது. ஆனால் அது வைரஸின் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி வேரறுக்காது. எதிர்ப்பாற்றல் மீளாதவரை நிறுத்தவும் இயலாது. நாளும் நரம்பு வழியே செலுத்தும் செலவை எத்தனை குடும்பங்கள் தாங்கும்? கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவது மலிவான வழி. அதற்கும் ஒரு விலை உண்டு: ஊசி போட்ட கண் தப்பும், மற்ற கண்ணும் உடலும் காவலற்றுக் கிடக்கும்.

2004 ஏப்ரல் 1 அன்று நடுவணரசு எச்ஐவி கூட்டுமருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. விழித்திரைக்கு நேர்ந்த பெரிய நன்மை கண்மருத்துவப் பிரிவிலிருந்து வரவில்லை, இந்த மாத்திரைகளிலிருந்தே வந்தது. சிடி4 ஏறி நிலைத்தபின் பலருக்குக் கண்மருந்தை நிறுத்த முடிந்தது. ஆயினும் மீண்டு வந்த எதிர்ப்பாற்றலே சிலருக்குக் கண்ணுள் அழற்சியை மூட்டியது. வைரஸ் அரித்து மெலிந்த விழித்திரை, நோய் அடங்கிய பின்னும் கிழிந்து பிரிந்துவர, சிலிக்கான் எண்ணெய் நிரப்பும் அறுவைச் சிகிச்சைக்கு ஆளானோரும் உண்டு. அரிக்கப்பட்ட பகுதியின் பார்வை எவருக்கும் மீளவில்லை.