குனிந்து பார்த்த மீன்தொட்டி

மீன்தொட்டி என்றதும் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். ஆனால் லண்டன் மிருகக்காட்சி சாலை கண்ணாடித் தொட்டிகளை மக்களுக்குத் திறந்தது 1853இல்தான். அதற்கு வெகுமுன்பே சீனாவில், மிங் ஆட்சியில் (1368-1644), தங்கமீன்கள் பீங்கான் தொட்டிகளில் நீந்தின. பக்கவாட்டில் எதுவும் தெரியாது, மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எது அழகோ அதையே வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். விரிந்த இரட்டை வாலும் இருபுறமும் பிதுங்கிய கண்களும் அப்படி வந்தவைதான்.

தொட்டியைச் செய்வதுதான் பெரும்பாடு! அரண்மனை கேட்ட, டிராகன் தீட்டிய பெருந்தொட்டிகள் ஜிங்டெஜென் சூளைகளில் கோணிப்போகும், வெடித்துவிடும். தண்டனையோ தொழிலாளிகளுக்கு. 1599இல் டோங் பின் என்பவர் மனம் பொறுக்காமல் எரியும் சூளையில் குதித்தார் என்று அவ்வூரில் சொல்கிறார்கள். அதன்பின் தொட்டி குறையில்லாமல் வந்ததாம். சூளைக்காரர்கள் அவரைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டினார்கள்.