சிறுவர் டென்னிஸ் பயிற்சி: தொடங்கும் வயதும் இடமும் (செட்டிநாடு)

ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, அவர்கள் உடலுக்கேற்ற சிறிய களத்திலும் வேகம் குறைந்த பந்திலும் டென்னிஸ் கற்றுக்கொடுப்பதே சிறுவர் டென்னிஸ் பயிற்சி. பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு 2007-இல் இதற்கான திட்டத்தைத் தொடங்கியது. 2012 முதல், பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளை முழு அளவுக் களத்தில் வழக்கமான மஞ்சள் பந்தை வைத்து நடத்தக் கூடாது என்பது விதியாகவே ஆகிவிட்டது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் உள்ள பெற்றோருக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. நல்ல டென்னிஸ் கோர்ட் இருந்தால்தான் பிள்ளையைச் சேர்க்க முடியும் என்ற எண்ணத்தை இந்த விதி மாற்றிவிடுகிறது.

செட்டிநாட்டுக்கும் டென்னிஸுக்கும் உறவு பழையது. ஆனால் அந்த உறவு பெரும்பாலும் சென்னையில் வளர்ந்தது. பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தின் எம்.ஏ. அழகப்பன் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவராக இருந்தவர். கண்டனூரைப் பூர்வீகமாகக் கொண்ட கார்த்தி சிதம்பரம் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் துணைத் தலைவராக இருந்தவர். 1926-இல் தோன்றிய அந்த மாநிலச் சங்கமும், 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பனும் தலைநகரத்தின் பெருமைகள். ஆட்டத்தை நடத்துவதற்கு ஆள் கொடுத்த மண், ஆடுவதற்குப் பிள்ளைகளையும் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். அதற்கான வேலை சொந்த ஊரில் தொடங்கியாக வேண்டும்.

பந்தும் களமும்

டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர். அகலம் ஒற்றையர் ஆட்டத்துக்கு 8.23 மீட்டர், இரட்டையர் ஆட்டத்துக்கு 10.97 மீட்டர். வழக்கமான மஞ்சள் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விட்டால், அது 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். ஆறு வயதுக் குழந்தையின் உயரமோ ஏறத்தாழ 115 செ.மீ.தான். பந்து தலைக்கு மேலே போகிறது. பிள்ளை பின்னால் ஓடிப் பார்க்கும். எட்டாதபோது மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி வெட்டும். உயரமாக வரும் பந்தைச் சமாளிக்க உள்ளங்கையைப் பிடியின் அடிப்பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளும். அந்தப் பிடி ஒருமுறை கையில் படிந்துவிட்டால், பிறகு எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் மாற்றுவது பெரும்பாடு.

இதற்காகத்தான் மூன்று நிறப் பந்துகள். சிவப்புப் பந்தின் வேகம் வழக்கமான பந்தைவிட 75 சதவீதம் குறைவு. அதே 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 90 முதல் 105 செ.மீ. வரையே எழும்பும். குழந்தைகள் தட்டிவிடும் வேகத்தில் அது இடுப்பளவுக்குத்தான் வரும். அதற்குரிய களத்தின் நீளம் சுமார் 11 மீட்டர், வலையின் உயரம் 80 செ.மீ. அடுத்தது ஆரஞ்சுப் பந்து: 50 சதவீத வேகக் குறைப்பு, 18 மீட்டர் களம். பச்சைப் பந்தில் 25 சதவீதம் மட்டுமே குறைவு. அதை முழுக் களத்திலேயே ஆடலாம். மட்டையும் பிள்ளையோடு வளர வேண்டும். பெரியவர்களின் மட்டை 27 அங்குலம் என்றால், சிவப்புப் பந்து ஆடும் குழந்தைக்கு 17 முதல் 23 அங்குலம் போதும். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று அண்ணனின் மட்டையைத் தம்பி கையில் கொடுப்பது மணிக்கட்டுக்குச் செய்யும் தீங்கு.

சிவப்புக் களத்தின் 11 மீட்டர் நீளம் முழுக் களத்தின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். எனவே ஒரு கோர்ட்டின் குறுக்கே மூன்று நான்கு சிறிய களங்களை அமைத்துவிடலாம். கோர்ட்டே இல்லாத ஊரிலும் பள்ளி மைதானத்தில் சமமான, கெட்டியான மூலை ஒன்று போதும். சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு கம்புகளுக்கிடையே கயிறு கட்டி, அதில் பழைய சேலையைத் தொங்கவிட்டால் வலை தயார். எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம். சரளைக் கற்களை முதலில் பெருக்கித் தள்ள வேண்டும். செட்டிநாட்டுச் செம்மண்ணில் அது தினசரி வேலை. வீட்டு வளவு விசாலமாக இருக்கிறதே என்று அங்கே ஆட விடுவது மட்டும் வேண்டாம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் பந்து சறுக்கும், பிள்ளையும் சறுக்கும்.

எந்த வயதில்

ஐந்து வயதுக்கு முன் முறையான பாடம் தேவையில்லை. பலூனைத் தட்டுவது, பந்தை உருட்டிப் பிடிப்பது, ஒற்றைக் காலில் தாவுவது ஆகியவை அந்த வயதின் டென்னிஸ். ஐந்திலிருந்து ஏழுக்குள் சிவப்புப் பந்தோடு வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் என்று தொடங்கலாம். எட்டிலும் ஒன்பதிலும் தொடங்கும் பிள்ளை எதையும் இழந்துவிடவில்லை. ஓடவும் எறியவும் பழகிய உடல் என்றால் சில மாதங்களிலேயே எட்டிப் பிடித்துவிடும்.

கவலை தர வேண்டியது, தொடங்கிய பிறகு மற்ற விளையாட்டுகளை நிறுத்திவிடும் பழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்ற கணக்கும் மருத்துவர்களிடையே வழக்கில் உள்ளது: எட்டு வயதென்றால் எட்டு மணி நேரத்துக்குள். அதற்கு மேல் போனால் கடுமையான காயங்கள் கூடுகின்றன என்று நீரு ஜெயந்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கபடியும் கால்பந்தும் நீச்சலும் டென்னிஸுக்குப் போட்டியல்ல, உரம்.

தமிழகத்தில் வளர்ந்த ஆட்டக்காரர்களின் வரலாறு ஒரே வயதைச் சுட்டவில்லை. தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், தந்தையிடமே பயின்று 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும், 1960, 1961-இல் விம்பிள்டன் அரையிறுதியையும் எட்டினார். அவர் மகன் ரமேஷ் 1979-இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். விஜய் அமிர்தராஜ் சிறுவயதில் நோயாளிப் பிள்ளை. திறந்தவெளியில் ஓடியாடி உடல் தேறட்டும் என்பதற்காகத் தாய் அவரை டென்னிஸில் விட்டார். விளையாட்டுக் குடும்பத்தில் பிறந்த லியாண்டர் பயஸ், 1985-இல் சென்னையின் பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. ராம்குமார் ராமநாதன் மட்டையைப் பிடித்தது ஐந்து வயதில், தந்தையோடு. இவர்களில் பெரும்பாலோருக்கு முதல் கை கொடுத்தவர்கள் வீட்டார்.

எங்கே, எப்போது

காரைக்குடியின் பெரிய பலம் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள உடற்கல்விக் கல்லூரி. அங்கே படித்து உடற்கல்வி ஆசிரியராகப் போகும் இளைஞர்களுக்குச் சிவப்புப் பந்து முறையைக் கற்றுக்கொடுப்பது, புதிதாக ஒரு கோர்ட் கட்டுவதைவிடப் பயன் தரும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. கோர்ட் கட்ட முன்வரும் கொடையாளர்கள் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். மண் கோர்ட் முழங்காலுக்கு இதமானது. ஆனால் தினமும் நீர் தெளித்து உருளை ஓட்டாவிட்டால் புழுதியாகிவிடும். தென்னிந்தியாவில் சாணம் மெழுகிய கோர்ட்டுகளும் ஒரு காலத்தில் இருந்தன. சிமென்ட் தளத்துக்குப் பராமரிப்பு குறைவு, ஆனால் வெயிலை வாங்கிக் கக்கும்.

பெரும்பாலான பிள்ளைகள் மட்டையை முதலில் தொடுவது மே மாதக் கோடை முகாமில்தான். வெளியூர், வெளிநாட்டுச் செட்டிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வருவதும் அப்போதே. சிவகங்கைச் சீமையில் கத்திரி வெயில் கொளுத்தும் அந்த மாதம், ஆறு வயதுப் பிள்ளை புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்க ஏற்றதன்று. முகாமுக்கு அனுப்பினால் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். இடையிடையே தண்ணீரோ நீர்மோரோ குடிக்க வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை இறுகியிருக்கும் தை முதல் பங்குனி வரை, மாலை நாலரைக்குத் தொடங்குவதே நல்லது.

பச்சைப் பந்துக்கு வந்த பிறகுதான் முழு அளவுக் கோர்ட்டும் பிற ஊர்ப் பிள்ளைகளோடு ஆட்டமும் தேவைப்படும். மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து 90 கிலோமீட்டர் அளவில் உள்ளன. வார இறுதியில் போய்வரலாம். அதிகாலையில் கிளம்பும் பல்லவன் ரயில் சென்னையை அடைய நண்பகல் ஆகிவிடும் என்பதால், அங்கே குடிபெயர்வதைப் பத்து வயதுக்கு முன் யோசிக்கவே வேண்டாம். அகில இந்தியச் சங்கத்தின் சிறுவர் போட்டிகள் 12, 14, 16, 18 வயதுப் பிரிவுகளில் நடக்கின்றன. பன்னாட்டுச் சிறுவர் போட்டிகளில் ஆடக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். சென்னைக்கு வெளியிலும் ஆட்டம் வளரும் என்பதற்குக் கோயம்புத்தூர் சாட்சி. அந்த ஊரில் தந்தையின் பயிற்சியில் வளர்ந்த நிருபமா வைத்தியநாதன், 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றார். ஓப்பன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்று ஆட்டமொன்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அதே ஊரின் மாயா ராஜேஸ்வரன் 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 மகளிர் போட்டியின் அரையிறுதி வரை சென்றார்.

எந்த ஊரில் சேர்த்தாலும், பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்ப்பது நல்லது. பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை எத்தனை முறை பந்தை அடிக்கிறது என்று எண்ண வேண்டும். பிள்ளைகள் வரிசையில் நின்று, முறை வரும்போது ஆளுக்கு இரண்டு பந்து அடித்துவிட்டு மறுபடி கடைசியில் போய் நின்றால், அங்கே கற்பது குறைவு. ஆறு வயதுப் பிள்ளையின் கையில் மஞ்சள் பந்து இருந்தால், சிவப்புப் பந்து உண்டா என்று பயிற்சியாளரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.