எறும்பு அளவு ஸ்ரீகாந்த்

டிசம்பர் வந்தால் இங்கே மெல்போர்னில் நம்மவர்கள் வீட்டுப் பேச்சு இரண்டுதான். ஊருக்கு டிக்கெட் எடுத்தாச்சா? எடுக்கலையென்றால், பாக்ஸிங் டே டெஸ்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சா? இந்த இரண்டாவது கோஷ்டியில் புதுசாகக் கேமரா வாங்கியவர் ஒருத்தராவது இருப்பார். அவர் கேட்கும் கேள்வியும் வருஷா வருஷம் ஒன்றேதான்: "எழுபது-இருநூறு லென்ஸ் கொண்டு போகலாமா? நூறு-நானூறு கொண்டு போனா வாசல்லயே நிறுத்திடுவானா?"

சுருக்கமான பதில்: இங்கே பெரும்பாலும் 200 மி.மீ.க்கு மேல் விட மாட்டார்கள். விம்பிள்டனில் எல்லை 300 மி.மீ. அமெரிக்கக் கால்பந்தில் 2013-லிருந்து பெரும்பாலும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான். கேமராவைக் கழுத்தில் மாட்டிக் கொள்ளலாம், கேமராப் பையை காரில் வைத்துவிட்டு வர வேண்டும். போவதற்கு முன் டிக்கெட்டின் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நீளமான பதில்தான் எனக்குப் பிடித்தது. இந்தப் பொடி எழுத்து எங்கிருந்து வந்தது? யார், எப்போது, எதற்காக எழுதினார்கள்? சொன்னால் நம்ப மாட்டீர்கள், இதில் ஒரு நாய்க் கண்காட்சி வருகிறது. அதற்கு முன் கொஞ்சம் எங்க ஊர்.

ஸ்ரீவராகத்துக்காரனுக்குக் கூட்டம் என்றால் முதலில் கோயில் கூட்டம்தான். வராகமூர்த்தி கோயில், அந்தப் பெரிய குளம், கொஞ்சம் நடந்தால் கிழக்கே கோட்டை, பத்மநாபசுவாமி கோயில். கிரிக்கெட் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் பாளையத்துக்கு பஸ் ஏறி யூனிவர்சிட்டி ஸ்டேடியம் போக வேண்டும். அங்கே நடந்த ஆண்கள் ஒருநாள் சர்வதேசப் போட்டிகள் மொத்தம் இரண்டு. 1984 அக்டோபர் 1-ல் ஆஸ்திரேலியாவோடு ஆடியது மழையில் போனது. 1988 ஜனவரி 25-ல் வெஸ்ட் இண்டீஸ் வந்தது. ஸ்ரீகாந்த் சதம் அடித்தார், பதிலுக்கு பில் சிம்மன்ஸும் சதம் அடித்தார், நாம் ஒன்பது விக்கெட்டில் தோற்றோம். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்குச் சர்வதேச கிரிக்கெட் திரும்பி வர 2017 ஆக வேண்டியிருந்தது.

அந்த 1988 ஆட்டத்துக்கு என் அத்திம்பேர் துபாயிலிருந்து வந்த யாஷிகாவை எடுத்துக்கொண்டு போனார். ஒரு துணிப்பை, கீழே தயிர்சாதம், மேலே துண்டு சுற்றிய கேமரா. கேட்டில் நின்ற போலீஸ்காரர் தயிர்சாதத்தைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். கேமராவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. முப்பத்தாறு படம் எடுத்து, கழுவி, பிரிண்ட் போட்டு வந்தபோது பாட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் எறும்பு மாதிரின்னா இருக்கு, இதுல யாருடா ஸ்ரீகாந்த்?"

பாட்டி சொன்னது கணக்குப்படி சரி. அந்தக் காலத்துக் கேமராவோடு வந்தது 50 மி.மீ. லென்ஸ். எழுபது மீட்டர் தள்ளி நிற்கிற ஆறடி ஆள் ஃபிலிமில் 1.3 மி.மீ. உயரம்தான் விழுவார். 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதே ஆள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவார். எறும்புக்கும் பத்திரிகையின் கடைசிப் பக்கப் படத்துக்கும் நடுவில் இருப்பது அந்த எட்டு மடங்குதான். அத்திம்பேரை யாரும் தடுக்காததற்குக் காரணமும் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. எறும்பை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

இனி நாய்க் கண்காட்சி. இங்கிலாந்தில் பெண்களுக்கான நாய் வளர்ப்போர் சங்கம் ஒன்று கண்காட்சி நடத்தியது. உள்ளே படமெடுக்கும் முழு உரிமையையும் 'ஸ்போர்ட்ஸ் அண்ட் ஜெனரல்' என்ற பட நிறுவனத்துக்கு விற்றது. 'அவர் டாக்ஸ்' என்று ஒரு பத்திரிகை ('நம்ம நாய்கள்' என்று வைத்துக்கொள்ளுங்கள்!). அதற்காக வேறொரு படக்காரர் உள்ளே போய்ப் படம் எடுத்தார், பத்திரிகையில் வந்தது, வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 1916-ல் தீர்ப்பு, 1917-ல் மேல்முறையீடு. இரண்டிலும் பட நிறுவனம் தோற்றது. கோர்ட் சொன்னதன் சாரம் இது: ஒரு காட்சியைப் படமெடுக்கும் உரிமை என்பது நிலம், வீடு மாதிரி ஒரு சொத்து அல்ல, அப்படி ஒன்றை நீங்கள் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஆனால் இடம் உங்களுடையது. படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆளை உள்ளே விட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லையே.

கண்காட்சி நடத்துகிறவர்கள் இந்தக் கடைசி வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். டிக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடி எழுத்துக்கு இதுதான் சட்ட வேர். காட்சி யாருக்கும் சொந்தமில்லை என்பதால், காட்சிக்குப் போகும் கதவில் பூட்டுப் போடுகிறார்கள். நீங்கள் டிக்கெட் வாங்கும்போது உட்காரும் இடத்தையும் வாங்குகிறீர்கள், ஒரு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுகிறீர்கள். பேனா மட்டும்தான் இல்லை.

இதே கேள்வி 1937-ல் இங்கே ஆஸ்திரேலியாவில் வேறு வடிவத்தில் வந்தது. சிட்னியில் விக்டோரியா பார்க் குதிரைப் பந்தய மைதானம். பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் பரண் கட்டிவிட்டார். அதில் ஏறி நின்று ஒருவர் பந்தயத்தைப் பார்த்துப் பார்த்து வானொலியில் சொன்னார். மைதானத்துக்குக் கூட்டம் குறைந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பரண் கட்டியவர் பக்கம் தீர்ப்பானது. பார்ப்பதும் பார்த்ததைச் சொல்வதும் குற்றமல்ல, வேண்டுமானால் நீங்கள் வேலியை உயர்த்திக் கொள்ளுங்கள் என்பது தலைமை நீதிபதியின் கருத்து. நம்மூரில் மைதானத்துக்கு வெளியே மரத்தில் ஏறி மேட்ச் பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருந்தால் இன்னும் உயரமான கிளைக்குப் போயிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாய் வழக்கில் தோற்ற அந்த நிறுவனம் கிரிக்கெட்டில் ஜெயித்துக்கொண்டே இருந்தது. இங்கிலாந்தின் டெஸ்ட் மைதானங்களில் 1970-களின் தொடக்கம் வரை படமெடுக்கும் உரிமை ஸ்போர்ட் அண்ட் ஜெனரல், சென்ட்ரல் பிரஸ் என்ற இரண்டு நிறுவனங்களிடம்தான் இருந்தது. பீரங்கி மாதிரி நீண்ட 'லாங் டாம்' கேமராக்களை எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பார்கள். 1972-ல்தான் அந்த ஏகபோகம் உடைந்து, பாட்ரிக் ஈகர் போன்ற தனி ஆட்கள் நீள லென்ஸோடு உள்ளே வந்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறையின் இங்கிலாந்து டெஸ்ட் படங்களை எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். இரண்டு கம்பெனி எங்கே நின்றதோ, அதுதான் வரலாற்றின் கோணம்.

இந்தியாவில் இது பெரிய விஷயமானது டிவி உரிமைக்கு விலை வந்தபோது. 1993 ஹீரோ கோப்பையை ஒளிபரப்பும் உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் முறைத்துக்கொண்டது. வந்த கருவிகளை மும்பையில் சுங்கத்துறை நிறுத்தி வைத்தது. கேமராவை வாசலில் நிறுத்துவது தெரியும், இது நாட்டின் வாசலிலேயே நிறுத்தியது! 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது. அரசின் பிடி போனது, ஆனால் அந்த இடத்தில் பார்வையாளர் வந்து உட்காரவில்லை. அதிக விலை கொடுத்தவர் உட்கார்ந்தார்.

2008-ல் ஐ.பி.எல். வந்தது. அதே வருஷம் நவம்பரில் மும்பைத் தாக்குதல். டிசம்பரில் இங்கிலாந்து டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு மாறி வந்து, கமாண்டோக்கள் சூழ நடந்தது (சச்சின் 103 அடித்து ஜெயித்துக் கொடுத்தாரே, அது). அந்த நேரத்துப் பயம் நியாயமானது, சோதனையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதுகாப்பும் வியாபாரமும் அதன் பிறகு ஒரே கேட்டில், ஒரே சீருடையில் நிற்க ஆரம்பித்துவிட்டன. 400 மி.மீ. லென்ஸை வாங்கி வைக்கிறவரிடம் ஏன் என்று கேட்டால் "செக்யூரிட்டி சார்" என்பார். 200 மி.மீ. லென்ஸில் இல்லாத அபாயம் 400-ல் எப்படி வந்தது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

உண்மைக் காரணம் 2012-ல் வெளியே தெரிந்தது. இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது, கெட்டி இமேஜஸ் மாதிரியான பட நிறுவனங்களுக்கு கிரிக்கெட் வாரியம் அனுமதி மறுத்தது. அதை எதிர்த்து ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. மூன்றும் படமெடுக்க மறுத்தன. பரம்பரைப் படக்காரர்களுக்கே அந்தக் கதி என்றால், துணிப்பையோடு வரும் நம் அத்திம்பேர் எம்மாத்திரம்?

கச்சேரிக்கு வருவோம். எங்கள் ஊர் நவராத்திரி மண்டபத்தில் சட்டையில்லாமல் வேட்டியோடு உட்கார்ந்து கேட்பார்கள். கைதட்டக் கூடாது. முதன்முறையாக ஒரு பெண், பாறசாலை பொன்னம்மாள், அங்கே பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. (அது தனிக் கதை, தனிக் கோபம்.) கைதட்டே கூடாத இடத்தில் பழைய எஸ்.எல்.ஆர். கேமராவின் 'டடக்' எப்படி இருக்கும், யோசியுங்கள். இங்கே தடை எனக்குப் புரிகிறது. அடுத்தவர் காதுக்கு அது செய்கிற மரியாதை.

ஆனால் கச்சேரியிலும் இன்னொரு பக்கம் உண்டு. அரியக்குடி, ஜி.என்.பி., எங்கள் ஊர் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியின் முதல்வராக இருந்த செம்மங்குடி ஆகியோரின் நேரடிக் கச்சேரிகளை நாம் இன்றைக்கு மெல்போர்னிலும் நியூஜெர்சியிலும் காரில் போகும்போது கேட்கிறோமே, அவற்றில் பல ரசிகர்கள் ஸ்பூல் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தவை. சிலர் கேட்டு அனுமதி வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை. கைமாறிக் கைமாறி, காஸெட்டாகி, பிறகு எம்பி3 ஆகி நம்மிடம் வந்தன. அந்தக் கனமான பெட்டிகள் எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்தியிருந்தால் அந்த ராத்திரிகள் அங்கேயே முடிந்திருக்கும். பாடகருக்கும் நியாயம் உண்டு. தன் குரல் தன்னைக் கேட்காமல் கடைக்குப் போவதை யார்தான் பொறுப்பார்கள்? இந்தியச் சட்டம் 1994 திருத்தத்தில் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதன் மேல் உரிமை கொடுத்தது. கூடவே, சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வது அந்த உரிமையை மீறியதாகாது என்றும் விலக்கு வைத்தது. வக்கீல்கள் எழுதியதில் எனக்குப் பிடித்த வாக்கியங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பொடி எழுத்து போட்ட அரங்கம் அதையும் தாண்டி "எடுக்காதே" என்று சொல்லலாம். இடம் அவர்களுடையதாயிற்றே, மறுபடி நாய்க் கண்காட்சிதான்.

இப்போது தொழில்நுட்பம் இந்தப் பூட்டோடு விளையாடிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் விதி "கழற்றி மாட்டும் லென்ஸ் கூடாது" என்று இருக்கும். 2015-ல் நிக்கான் பி900 வந்தது. லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் எட்டுவது 2000 மி.மீ.க்குச் சமம். கேட்டில் இருப்பவர் அதை டூரிஸ்ட் கேமரா என்று நினைத்து விட்டுவிட்டால், பேட்ஸ்மேனின் ஹெல்மெட் கம்பியை எண்ணலாம். மிரர்லெஸ் கேமராக்களில் சத்தமே போடாத ஷட்டர் வந்துவிட்டது. போன்களிலும் ஜூம் ஏறிக்கொண்டே போகிறது, போனைப் பெரும்பாலான இடங்களில் வாசலில் வாங்கி வைக்க முடிவதில்லை.

எங்கள் ஊருக்கு வடக்கே காரியவட்டம் ஸ்டேடியத்தில் 2023 ஜனவரி 15-ல் இலங்கையை இந்தியா 317 ரன்னில் ஜெயித்தது. ஒருநாள் போட்டிகளில் அது அன்றைக்கு உலக சாதனை. கோலி 166 நாட்-அவுட். காலரியில் பாதிக்கு மேல் காலி. ஸ்ரீவராகத்திலிருந்து போன என் அக்கா பையன் போனில் எடுத்து அனுப்பிய படத்தில் கோலி ஹெல்மெட்டைக் கழற்றுவது தெரிகிறது. ஜூம் பண்ணியதால் கொஞ்சம் பிசிறடித்திருக்கிறது, ஆனால் கோலிதான். பின்னால் காலி நாற்காலிகளும் வரிசை வரிசையாகத் தெரிகின்றன.