கால்வழியும் சான்றும்: தெமோதரைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

டீ.என்.ஏ. பகுப்பாய்வின் வரலாறு பெரும்பாலும் குற்றப் புலனாய்வின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. ஆயின் இம்முறையின் முதற் பயன்பாடு கொலைவழக்கு அன்று. குடிவரவு வழக்கொன்றே ஆகும். தம் கால்வழியைக் கடதாசியால் நிறுவ முடியாமையால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களின் வரலாற்றை ஆராய்வோர் இவ்வுண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

1984 செப்டெம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரீஸ், டீ.என்.ஏ.யின் சில பகுதிகள் அடுக்கடுக்காக மீள வருவதையும், அவ்வடுக்குகள் ஆளுக்காள் வேறுபடுவதையும் கொண்டு ஒருவரை இனங்காணலாம் எனக் கண்டார். பிள்ளையிடம் உள்ள அடுக்குகளில் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வந்தவை. 1985இல், கானாவிலிருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பிய சிறுவன் ஒருவன் தன் தாயின் உண்மைப் பிள்ளைதானா எனக் குடிவரவு அதிகாரிகள் ஐயுற்றனர். தந்தையின் மாதிரி கிடைக்காத நிலையில், தாயினதும் உடன்பிறந்தாரினதும் இரத்தமே உறவை நிறுவிற்று. சிறுவன் குடும்பத்தோடு வாழ அனுமதிக்கப்பட்டான். அதன்பின் வந்த லெஸ்டர்ஷயர் கொலைவழக்கிலுங்கூட இம்முறை முதலில் ஒரு நிரபராதியை விடுவித்தது. குற்றவாளி 1988இலேயே தண்டிக்கப்பட்டான்.

அச்சிறுவன் மீது அதிகாரிகள் கொண்ட ஐயம், இலங்கையில் முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சமூகம் முழுவதன் மீதும் சட்டமாக இறங்கியிருந்தது. 1924இல் புகையிரதப் பாதை தெமோதரையைக் கடந்து பதுளையை எட்டுமுன்னரே, ஊவாத் தோட்டங்களின் லயங்களிற் பிறந்து வளர்ந்த தலைமுறைகள் இருந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ, இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்குத் தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. தொழிலாளியின் வாழ்வைப் பதிந்துவைத்த செக்ரோல் துரையின் காரியாலயத்தில் இருந்தது. தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. பூட்டனின் பிறப்புக்குச் சான்று சிங்களக் கிராமத்து விவசாயியிடமும் இருக்கவில்லை. ஆயின் அவரிடம் அது கேட்கப்படவில்லை. சான்று இல்லாமை அன்று, சான்று கேட்கப்பட்டமையே இங்கு வரலாற்று நிகழ்வாகும்.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை எண்களாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

அக்காலத்தில் டீ.என்.ஏ. பரிசோதனை இருந்திருப்பின் தெமோதரைத் தொழிலாளியைக் காத்திருக்குமா? தந்தையிலிருந்து மகனுக்கு மாத்திரம் செல்வது வை நிறமூர்த்தம். தந்தைவழியையே கணக்கிற்கொண்ட சட்டத்துக்கு இது பொருத்தமான சான்றுபோலத் தோன்றும். தாயிலிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் இழைமணி டீ.என்.ஏ.யையோ அச்சட்டம் பொருட்படுத்தியிராது. கொழுந்து பறித்த பெண்ணின் வழி அதற்கு ஒரு வழியே அன்று. எனினும் வை நிறமூர்த்தம் பாட்டன் யார் என்பதைக் காட்ட உதவுமேயன்றி, அவர் எங்கே பிறந்தார் என்பதைக் கூறாது. சட்டம் கேட்டதோ இடத்தை. எனவே மறுப்பதென்று முடிவுசெய்த அரசின் முன் இரத்தமும் கடதாசியைப் போலவே தோற்றிருக்கும் என்பது எம் கருத்து.

ஆயினும் இம்முறை இம்மக்களுக்குப் பயனற்றது என்பது பொருளன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனையில் மீட்கப்பட்ட கைக்குழந்தையின் பெற்றோர் யாவர் என்பதை, நீதிமன்ற ஆணைப்படி நடந்த பரிசோதனை 2005 பெப்ருவரியில் நிறுவியது. பேரிடர் மலையகத்துக்கும் புதிதன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. காணாமற் போனோர் தொகை முதல் நாட்களில் நூற்றுக்கணக்கிற் கூறப்பட்டுப் பின்னர் பெரிதும் குறைந்தது. லயத்தில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதே உறுதியாகத் தெரியாதிருந்தமை, 1948இன் கடதாசி வறுமை இன்னும் நீங்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

இத்தகைய இடத்திற் கிடைக்கும் எலும்பை இனங்காண்பதற்கு உயிரோடுள்ள உறவினரின் மாதிரி தேவை. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் ஆகியோருடன் ஒப்பிடுதலே உறுதியானது. ஒரு குடும்பம் முழுவதும் ஒரே லயத்தில் மாண்டால், ஒப்பிடத்தக்க அண்ணனோ தங்கையோ நீலகிரியில் இருத்தல் கூடும். ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருகரையிலும் பிரித்து வைத்தது. விஞ்ஞானம் தேடும் உறவை அரசியல் அறுத்திருக்கின்றது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்ற நிலைக்குத் தீர்வு கண்டது. அது போதாது. லயந்தோறும் குடியிருப்போர் பதிவு சீராகப் பேணப்படல் வேண்டும். பேரிடரில் மாதிரி பெறும்போது அதன் நோக்கத்தைத் தமிழில் விளக்கி உறவினரின் இசைவைப் பெறல் வேண்டும். அம்மாதிரி வேறெதற்கும் பயன்படலாகாது. தன்னை நிறுவும் சுமையை இம்மக்கள் நெடுங்காலம் சுமந்துவிட்டனர். இறந்தோரை இனங்கண்டு உறவினரிடம் ஒப்படைக்கும் கடமையாவது இனி அரசினதாகுக.