கினிகத்தேனைப் பகுதியில் வெள்ளச் சீரமைப்பும் உள்ளூராட்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

உள்ளூராட்சி மன்றங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டளைச் சட்டங்களையும் தேர்தல்களையும் வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுவர். ஆயின் ஒரு மன்றத்தின் வலிமையும் வலிமையின்மையும் அமைதியான நாட்களிற் புலப்படுவதில்லை. பெருமழை ஓய்ந்த மறுநாட் காலையிலேயே அவை புலப்படுகின்றன. உடைந்த மதகைக் கட்டுவது எவர், அடைபட்ட கானைத் தோண்டுவது எவர், சேறு புகுந்த கிணற்றை இறைப்பது எவர் என்னும் வினாக்களுக்கு விடை கூறும் அதிகாரமே உள்ளூராட்சியின் உயிர்நிலையாகும். இலங்கையின் மலையகத்தில் இவ்வினாக்களுக்கு மிக நீண்ட காலமாக இரு வேறு விடைகள் இருந்து வந்தன. ஒன்று கிராமத்திற்கும் பட்டினத்திற்கும் உரியது; மற்றொன்று தோட்டத்திற்கு உரியது. இவ்விரட்டைநிலை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நிலைபெற்றது, எந்த அளவுக்கு மாறியது என்பனவற்றைக் கினிகத்தேனைப் பகுதியை முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கினிகத்தேனை என்னும் சிங்களப் பெயர் 'தீப்பற்றிய சேனை' எனப் பொருள்படும். பெயரில் தீ இருப்பினும் ஊரை ஆள்வது நீரேயாகும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் முதன்முதல் மோதும் இடங்களுள் இதுவும் ஒன்று. கினிகத்தேனையையும் அதனையடுத்த வட்டவளையையும் உள்ளிட்ட பகுதி ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றரை அண்மித்தும் அதனை விஞ்சியும் மழை பெறுவது. நாட்டின் மிகு மழைப் பகுதி இதுவேயெனலாம். அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியாக அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறும் பெருந்தெரு இவ்வூரினூடாகவே செல்கின்றது. நாவலப்பிட்டிக்குச் செல்லும் வீதி இங்கிருந்து பிரிகின்றது. மேற்கே கித்துல்கலைப் பக்கம் இறங்கும் நீர் களனியை அடைகின்றது. நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கும் நீர் மகாவலியைச் சேருகின்றது. ஆகவே இங்கு ஒரு மதகு உடைந்தால் அஃது ஓர் ஊரின் இழப்பாக மட்டும் அமைவதில்லை. மேற்கு மாகாணத்துக்கும் மலைநாட்டுக்குமிடையிலான போக்குவரத்தே தடைப்படுகின்றது.

இப்பகுதியிற் பொதுப்பணி என்பது புதியதொன்றன்று. முதலாம் விஜயபாகு மன்னனின் அம்பகமுவக் கல்வெட்டு, சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர்களின் பொருட்டு அம்மன்னன் செய்த ஏற்பாடுகளைக் கூறுவது. வழிச்செல்வோரின் நலனை ஆட்சியாளன் தன் கடமையாகக் கொண்டமைக்குப் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளை ஒட்டிய சான்று இதுவாகும். கோப்பியும் பின்னர் தேயிலையும் மலைச்சரிவுகளைப் பற்றிக்கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'பொது' என்னும் சொல்லின் பொருளே மாறலாயிற்று. பெருந்தெருக்களை அரசாங்கம் அமைத்தது. தோட்டங்களுக்குச் செல்லும் கிளைவீதிகளின் செலவைத் தோட்ட உரிமையாளரும் அரசாங்கமும் பகிர்ந்துகொண்டனர். தோட்டத்தின் எல்லைக்குள் இருந்த பாதை, ஊற்று, கான், லயம் அனைத்தும் கம்பனியின் உடைமையாயின. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் அட்டனையும் எட்டியது. மழையால் வழி அடைபட்டபோது, தேயிலை இறங்கும் பாதை முதலிலும் தொழிலாளி நடக்கும் பாதை இறுதியிலும் திருத்தப்படுவதே இத்தகைய அமைப்பின் தருக்கமாகும். தனிமனிதரின் தீய எண்ணத்தைவிடச் சொத்துரிமையின் இயல்பே இவ்வரிசையைத் தீர்மானித்தது.

தோட்டத்துக்கு வெளியே நிலைமை வேறுவிதமாக வளர்ந்தது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு வழிவகுத்தது. கிராமத்துப் பாதை, கிணறு, வாய்க்கால் முதலியவற்றைப் பேணும் பொறுப்பு காலப்போக்கில் அவற்றைச் சார்ந்தது. 1931இல் டொனமூர் யாப்பின்கீழ் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்ட பின்னர், கிராமச் சங்கங்களிலும் அவ்வுரிமை விரிவடைய வேண்டுமென்ற கேள்வி எழுந்தது. அப்போது உள்ளூராட்சி அமைச்சராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா 1937இல் கொண்டுவந்த திருத்த மசோதா, தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சங்க வாக்குரிமையிலிருந்து விலக்கியது. இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. அதன் பின்னர் இன அடையாளத்தைச் சுட்டும் சொல் நீக்கப்பட்டு, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் என்ற பொதுவகையினர் விலக்கப்படும் வகையில் வாசகம் மாற்றப்பட்டது. சொல் மாறியதேயன்றி விளைவு மாறவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்விலக்கின் முழுப் பொருளையும் 1947ஆம் ஆண்டு உணர்த்துகின்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் பெய்த பெருமழையால் களனி, மகாவலி ஆகிய இரு ஆறுகளும் பெருக்கெடுத்தன. கம்பளை முதலிய ஆற்றங்கரைப் பட்டினங்கள் நீரில் மூழ்கின. அதே மாதத்தின் பிற்பகுதியிலேயே முதலாவது நாடாளுமன்றத் தேர்தலும் தொடங்கியது. நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் வெற்றியீட்டினர். ஆகவே, நாட்டின் சட்டவாக்க மன்றத்திற்கு உறுப்பினரை அனுப்ப வல்லவனாயிருந்த தோட்டத் தொழிலாளி, தன் லயத்திற்கு அருகே உடைந்த மதகைப் பற்றி முறையிடக் கிராமச் சங்கத்தில் வாக்கற்றவனாயிருந்தான். அடுத்த ஆண்டிற் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியதைத் தொடர்ந்து, நாடாளுமன்ற வாக்கும் பெரும்பாலோரிடமிருந்து பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. எந்த நாட்டவர் என்பதே தீராத மக்கள் எந்தச் சபைக்குரியவர் என்று வாதாட இயலாது. ஆகவே வெள்ளத்தின் பின் அவர்கள் நாடக்கூடிய ஒரே அலுவலகம் தோட்டத்துரையின் அலுவலகமாகவே இருந்தது.

இத்தகைய நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தின் மூணாற்றிலும் தமிழ்த் தொழிலாளர் உழைத்த தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அங்கே 1924ஆம் ஆண்டு வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு புகையிரதப் பாதையை அடித்துச் சென்றது. அப்பாதை மீண்டும் அமைக்கப்படவேயில்லை. தோட்டத் தேவைக்கென எழுந்த ஒரு பாதையை மீட்பதா கைவிடுவதா என்பதைத் தோட்டத்தின் கணக்கே முடிவு செய்யும். அதில் ஊரவர்க்கு இடமில்லை. உள்ளூராட்சிப் பணியைத் தனியார் நலத்திலிருந்து வேறுபடுத்தும் கோடு இதுவேயாகும்.

சுதந்திரத்தின் பின் இப்பகுதியின் நீர்வளம் நாட்டின் தேவைக்குப் பயன்படலாயிற்று. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா நெடுநாளாக வலியுறுத்திய நீர்மின் திட்டம் 1950இல் லக்சபானையில் நிறைவேறியது. பின்னர் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களும் எழுந்தன. கெகெல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் தேக்கி மின்சாரம் பெறத் திறம்பட்ட பொறியியல் வளர்ந்த அதே மலைச்சரிவுகளில், லயத்துக் கானைத் துப்புரவு செய்வதற்குரிய பொது நிறுவனம் எதுவும் வளரவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. எனினும் தோட்டம் உள்ளூராட்சிக்குள் வரவில்லை; கம்பனியின் இடத்தில் அரச கூட்டுத்தாபனங்கள் அமர்ந்தன. 1992இல் முகாமைத்துவம் மீண்டும் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. நிலத்தின் உரிமை அரசிடமும் முகாமை கம்பனியிடமும் இருக்க, லயத்தில் வாழ்வோர் வீட்டுக்கோ நிலத்துக்கோ உரிமையற்றவராயினர்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நாடெங்கும் புதிய சபைகள் தோன்ற வழிவகுத்தது. அம்பகமுவ பிரதேச சபை இவ்வாறே உருவாயிற்று. குடியுரிமைச் சிக்கல் படிப்படியாகத் தீர்ந்தமையால் தோட்ட மக்கள் இச்சபைகளுக்கு வாக்களித்தனர்; தமிழ் உறுப்பினர்களும் தவிசாளர்களும் தெரிவாயினர். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்தது. 1937இல் தொழிலாளிக்கு வாக்கு மறுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளின் பின் வாக்குக் கிடைத்தது, அவ்வாக்கின் பயன் மறுக்கப்பட்டது. தாம் தெரிவு செய்த சபை தமது வாசலில் ஒரு மதகைக் கட்டினால் அது கணக்காய்வில் ஆட்சேபத்துக்குரிய செலவாகும் என்னும் விந்தையான நிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவியது.

பெருமழை நாளில் இதன் விளைவு எவ்வாறு அமையும் என்பதைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும். கினிகத்தேனை போன்ற ஊரிற் பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. வேறு சில வீதிகள் மாகாணத்துக்குரியவை. ஊர்ப் பாதைகள் பிரதேச சபைக்குரியவை. இருப்புப்பாதை புகையிரதத் திணைக்களத்துக்குரியது. மின்கம்பி மின் விநியோக நிறுவனத்துக்குரியது. இவற்றிற்கு மேலே சரிவில் இருப்பது தோட்டம். தேயிலை மலையில் வெட்டிய கான்கள் தூர்ந்தால், அவற்றில் வழிய வேண்டிய நீர் மண்ணிற் புகுந்து சரிவைத் தளர்த்துகின்றது. அல்லது கட்டுக்கடங்காது கீழிறங்கித் தெருவை அறுக்கின்றது. கீழே சபை தன் மதகைத் திருத்திவிடலாம். மேலேயுள்ள கானைத் தொட அதற்கு அதிகாரமில்லை. ஆகவே அடுத்த மழையில் அதே மதகு மீண்டும் அடைபடும். தோட்டத்தை விலக்கிய சட்டம் தோட்டத்தவரை மட்டும் வருத்தவில்லை. பட்டினத்துக் கடைக்காரரையும் கிராமத்து விவசாயியையும் வருத்தியது. நீர் தோட்ட எல்லையை அறியாது, சட்டமே அறிந்திருந்தது.

சரிவு தளர்ந்தால் நேரும் இழப்பை வரலாறு பன்முறை காட்டியுள்ளது. 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் மண் நகர்ந்து புகையிரதப் பாதையைப் பாதித்தபோது, நிலத்தடி நீரை வடித்தே அச்சரிவு நிலைப்படுத்தப்பட்டது. பாதைக்கு உரிமை கொண்ட திணைக்களமும் ஆராய்ச்சி நிறுவனமும் முன்னிற்க அது கைகூடியது. இதற்கு மாறாக, 2014 ஒக்ரோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களை வேறிடத்திற் குடியமர்த்துவதற்கான நிலத்தையும் நிதியையும் ஒருங்கே கொண்ட பொறுப்பாளர் இல்லை.

இந்நிகழ்வுகளும் மலையகத் தொழிற்சங்கங்கள், சிவில் அமைப்புகள் ஆகியவற்றின் நீண்டகாலக் கோரிக்கையும் இரு மாற்றங்களுக்கு வழி திறந்தன. முதலாவது, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த அம்பகமுவ பிரதேச சபை 2018ஆம் ஆண்டுத் தேர்தலை முன்னிட்டு அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இரண்டாவது, 2018இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், தோட்ட நிருவாகத்துடன் கலந்தாலோசித்துத் தோட்டக் குடியிருப்புகளில் வீதி, கிணறு முதலான பொது வசதிகளைச் செய்யப் பிரதேச சபைகளுக்கு அதிகாரமளித்தது. எண்பது ஆண்டுக்கால விலக்கு சட்ட ஏட்டில் இவ்வாறு முடிவுற்றது. எனினும் அதிகாரம் வேறு, ஆற்றல் வேறு. வறிய சபைகளின் வருமானம் அதனால் உயர்ந்துவிடவில்லை. மேலும் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிவடைந்தபின், 2025 மே மாதத் தேர்தல் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளே இல்லாது செயலாளர்களின் பொறுப்பில் அவை இயங்கின.

புதிய சபைகள் அமர்ந்து அரையாண்டு கழியுமுன் சோதனை வந்தது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'டித்வா' சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மண்சரிவுகள் அவற்றுட் பெரும்பங்கை விளைத்தன. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களிற் சிதைந்தது. வீதி, மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு அனைத்தும் ஒருசேர அறுந்தன. பெருந்தெருவையும் மின்கம்பியையும் மீட்க மத்திய நிறுவனங்கள் உள்ளன. ஆயின் லயத்திலிருந்து பாடசாலைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையையும் ஊற்றிலிருந்து வரும் குழாயையும் மீட்கச் சபையை விட்டால் வேறு நிறுவனமில்லை. இவ்வகையில், 2018ஆம் ஆண்டுத் திருத்தம் பயன்பட வேண்டிய முதலாவது பெருஞ்சோதனை இதுவெனலாம்.

இதுகாறும் நோக்கியவற்றால் ஓருண்மை தெளிவாகும். வெள்ளத்தின் பின்னரான சீரமைப்பு, கல்லும் சீமெந்தும் பற்றிய செய்தி மட்டுமன்று. எவருடைய இழப்பு பொது இழப்பாகக் கணிக்கப்படுகின்றது என்பதைப் பற்றியதாகும். கினிகத்தேனைப் பகுதியில் ஒரே மழையில் நனைந்த மக்கள், ஒரே சபையின் மக்களாகச் சட்டத்தின் கண்ணிற் கொள்ளப்படுவதற்கு எட்டுத் தசாப்தங்கள் தேவைப்பட்டன. எஞ்சியிருப்பவை மூன்று: சபைகளுக்குப் போதிய நிதி, தோட்ட மக்களுக்கு நிலவுரிமை, மேற்சரிவின் கானையும் கீழ்த்தெருவின் மதகையும் ஒரே நீரோட்டமாகக் கருதும் திட்டமிடல். இவை கைகூடாதவிடத்து, திருத்தச் சட்டமும் அடுத்த பருவமழையில் அடைபடும் மற்றொரு மதகாகவே எஞ்சும்.