பெங்களூரு பியரும் சுவரில் இல்லாத பாதியும்

பெங்களூரு என்றதும் மென்பொருளுக்கு அடுத்தபடியாக நம்ம ஊர்க்காரர்கள் ஞாபகத்துக்கு வருவது பப். "என்னப்பா, அங்கே தெருவுக்கு ஒண்ணு இருக்காமே?" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பா கண்ணடித்துக் கேட்பார். சும்மா வந்த பெயர் இல்லை இது. இருநூறு வருஷக் கதை இதன் பின்னால் இருக்கிறது. எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்ததை இப்போது எழுத வைத்தது எங்கள் ஏரியாவில் புதிதாகத் திறந்த ஒரு மைக்ரோ ப்ரூவரி. பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும். (குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை இது. வீட்டில் பெரியவர்கள் பயப்படாமல் படிக்கலாம் :-) )

ஆறு மாதமாகத் தகரத் தடுப்புக்குப் பின்னால் வேலை நடந்த இடம் என்பதால் எதிர்பார்ப்பு அதிகம். போனால், பியரில் வெண்ணெய் வாசனை. தியேட்டர் பாப்கார்னை நீரில் ஊறவைத்தது போல ஒரு ருசி. பியர் புளிக்கும்போது டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகும். ஈஸ்ட்டை இன்னும் சில நாள் அதன் வேலையைச் செய்ய விட்டால் அதுவே அதைத் தின்று தீர்த்துவிடும். அவசரப்பட்டு இறக்கினால் வெண்ணெய் வாசனை அப்படியே தங்கிவிடும். அரை லிட்டருக்கு நானூறு ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள் அந்தச் சில நாள் பொறுத்திருக்கலாம்.

அதைவிட ஏமாற்றம் அங்கிருந்த சுவர். 'பழைய கண்டோன்மென்ட்' என்று தலைப்புப் போட்டு ஒரு முழுச் சுவருக்குச் சித்திரம். சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரச் சிப்பாய், கையில் கோப்பை, அதில் ஐபிஏ. அடுத்த கட்டத்தில் லேப்டாப்போடு இன்றைய இளைஞர். நடுவில் ஒன்றும் இல்லை. பியரைப் போலவே வரலாற்றையும் அவசரத்தில் இறக்கிவிட்டார்கள்.

முதலில் அந்தக் கோப்பை. ஐபிஏ என்பது இந்தியா பேல் ஏல். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஹாட்ஜ்சனின் போ ப்ரூவரியிலிருந்து வெளிர்நிற ஏல் இந்தியாவுக்கு வந்தது. நாலு மாதம், ஆறு மாதம் கப்பலில் கிடந்து பதமாகி வந்தது இங்கே பிடித்துப்போனது. 1820களில் பர்ட்டன் நகரத்து ப்ரூவரிகளும் போட்டிக்கு வந்தன. ஆனால் அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் கம்பெனி உத்தியோகஸ்தர்களும்தான். சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்கு வந்தது கறுப்பு நிறப் போர்ட்டர், இல்லாவிட்டால் உள்ளூர்ச் சாராயம். சிப்பாய் கையில் ஐபிஏ கொடுத்தது சித்திரக்காரரின் தாராள மனசு.

இனி கண்டோன்மென்ட். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் ஆங்கிலேயப் படை அங்கேதான் இருந்தது. காய்ச்சலும் கொசுவும் வாட்டியதால் 1809இல் பெங்களூருக்கு, அல்சூர் பக்கம் மாறியது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம், நல்ல குளிர்ச்சி. வந்தது மதராஸ் படை என்பதால் கூடவே வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், கொத்தனார்கள், வண்ணார்கள், கடைக்காரர்கள், காண்ட்ராக்டர்கள் என்று ஓர் ஊரே பெயர்ந்து வந்தது. 1834இல் மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளமும் இங்கே வந்து தங்கிவிட்டது. அல்சூர், ப்ளாக்பள்ளி (இன்றைய சிவாஜிநகர்), மர்ஃபி டவுன் எல்லாம் தமிழ் பேசும் பேட்டைகளானது இப்படித்தான். இன்றைக்கு உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரியை (1868) காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவரும் அவர்தான். நாம் ஐடி வேலைக்காக வந்த முதல் தலைமுறை என்று நினைத்துக்கொள்கிறோம். நமக்கு 190 வருஷம் முன்னாலேயே ஒரு 'பேட்ச்' வந்துவிட்டது!

தூரத்துக் கப்பலை நம்பியிருந்தால் செலவு அதிகம். அதனால் இங்கேயே காய்ச்சத் தொடங்கினார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் அதற்குக் குளிர்ந்த இடம் வேண்டும். வடக்கே கசௌலி, மர்ரி, தெற்கே நீலகிரி, பெங்களூர், இலங்கையில் நுவரெலியா. பழைய ப்ரூவரிகளின் பட்டியலும் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கிய ஊர்களின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். 1896இல் பெங்களூர் வந்த வின்ஸ்டன் சர்ச்சில் என்ற இளம் லெப்டினன்ட், கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனதாக 1899ஆம் ஆண்டுக் குறிப்பு இன்றும் பெங்களூர் கிளப்பில் இருக்கிறது.

1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ப்ரூவரிகளை ஒன்றாக்கி யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கினார். ஐந்தில் மூத்ததான கேஸில் ப்ரூவரி 1857இல் பிறந்தது. பெரிய மரப் பீப்பாய்களில் பியர் நிரப்பி மாட்டுவண்டியில் படைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் பீப்பாயை உருட்டியவர்களிலும் வண்டி ஓட்டியவர்களிலும் எத்தனை பேர் நம்மவர்களாக இருந்திருப்பார்கள்! கண்டோன்மென்டின் கூலி வேலை யார் கையில் இருந்தது என்று தெரிந்தால் ஊகிப்பது கடினமில்லை. 1947இல் விட்டல் மல்லையா 23 வயதில் அந்தக் கம்பெனியின் முதல் இந்திய இயக்குநரானார். ப்ரூவரி இருந்த இடத்தில் 2008இல் யூபி சிட்டி என்ற ஆடம்பர மால் வந்தது. 2021இல் கம்பெனியே ஹாலந்தின் ஹைனெக்கன் கைக்குப் போய்விட்டது.

எண்பதுகளின் பிற்பகுதியில் பப்கள் முளைத்தன. ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பீகோஸ் திறந்தது 1989இல். 2011இல் லாவெல் ரோட்டின் பியர் கிளப் இந்த நகரத்தின் முதல் மைக்ரோ ப்ரூவரி ஆனது. அதற்குப் பின் நடந்தது உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் பளபளப்பான பாதி. மற்ற பாதியை எந்தச் சுவரிலும் வரைய மாட்டார்கள். பியர் கட்டுப்படியாகாத தொழிலாளிக்கு இந்த ஊரில் கிடைத்தது சாராயம். 1981 ஜூலையில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து பெங்களூரில் 300க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண்ணைத் தாக்கும், பிறகு உயிரை எடுக்கும். 2007 ஜூலையில் கர்நாடக அரசு சாராயத்தையே தடை செய்தது. பாக்கெட் சாராயம் நின்றது, தாகம் நிற்கவில்லை. மறு வருஷம் மே மாதம் கள்ளச்சாராயம் பெங்களூரு, கோலார், எல்லை தாண்டி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் என்று 150க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. யூபி சிட்டி திறந்ததும் இதே 2008இல்தான் என்பதைக் கவனியுங்கள். சாவுக்கு மாநில எல்லை கிடையாது, மொழியும் கிடையாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் அதே மெத்தனாலில் போனார்கள்.

ஒரே நகரம், ஒரே சாமான். நானூறு ரூபாய் வைத்திருப்பவனுக்கு வெண்ணெய் வாசனை மட்டும்தான் பிரச்சினை. இருபது ரூபாய் வைத்திருந்தவனுக்குக் கண் போயிற்று, உயிர் போயிற்று. தரக் கட்டுப்பாடு, சோதனைக்கூடம், லைசென்ஸ் எல்லாம் ஒரு விலைக்கு மேலேதான் வேலை செய்கின்றன.

பழைய கண்டோன்மென்ட் என்று பெயர் வைத்து வியாபாரம் பண்ணட்டும், தப்பில்லை. அந்த நாலு எழுத்துப் பெருமையில் வேலைக்காரர்களையும் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் வீட்டை விட்டு ஓடிய தமிழர்களில் பலருடைய பாட்டன் பூட்டன் இந்த ஊரைக் கட்டியவர்கள். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை அதே 1991இலிருந்து துணியால் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. "நீங்க எப்போ இங்கே வந்தீங்க?" என்று பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைக் கேட்கும்போது "1809இல்" என்று சொல்லக்கூடிய உரிமை இந்த ஊர்த் தமிழர்களுக்கு உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம்தான், சுவர் சொல்லாது.

அடுத்த முறை கப்பன் பார்க் பக்கம் பிள்ளைகளோடு போனால் சிவப்பு நிற அட்டாரா கச்சேரியைக் காட்டி, ஆற்காட்டிலிருந்து வந்த ஒருவர் கட்டியது என்று சொல்லுங்கள். ரெண்டு நிமிஷ வேலை.