பாட்டி சிரிச்சது முன்னாடி, சத்தம் வர்றது பின்னாடி... மொபைல் வீடியோவில் சிங்க் ஏன் விலகுகிறது?

பாட்டியை உட்கார வைத்து, அவருடைய சின்ன வயசுக் கதைகளை ஒரு மணி நேரம் மொபைலில் ஷூட் செய்திருக்கிறீர்கள். போனில் ஓட விட்டால் பக்கா. எடிட் பண்ணலாம் என்று லேப்டாப்பில் போட்டால், முதல் ரெண்டு நிமிஷம் ஓகே. பத்தாவது நிமிஷத்தில் பாட்டி சிரித்து முடித்த பிறகு சிரிப்புச் சத்தம் வருகிறது. கடைசிக்கு வந்தால் டப்பிங் படமே தோற்றுவிடும். 'மைக் போச்சு, ஃபைல் கரப்ட்' என்று டெலீட் மட்டும் பண்ணிடாதீங்க. ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. அதை எடிட்டிங் சாஃப்ட்வேர் படிக்கிற விதத்தில்தான் சிக்கல்.

வீடியோ என்பது வேகமாக ஓடும் போட்டோக்கள்தான். ஒரு விநாடிக்கு எத்தனை போட்டோ என்பதே ஃப்ரேம் ரேட். சினிமாவுக்கு 24, நம்மூர் டி.வி-க்கு 25, மொபைலுக்குப் பெரும்பாலும் 30 அல்லது 60. சினிமா கேமராவில் 24 என்று வைத்தால் கடைசி வரை 24தான். மொபைல் அப்படி இல்லை. நீங்கள் 30 என்று வைத்திருந்தாலும் ஒரு விநாடியில் 30, அடுத்ததில் 29, விளக்கு மங்கலான மூலையில் 24 என்று அதுபாட்டுக்கு ஏற்றி இறக்கும். இதற்குப் பெயர்தான் வேரியபிள் ஃப்ரேம் ரேட்.

ஏன் இப்படி? விநாடிக்கு 30 என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 33 மில்லி செகண்ட்தான். இருட்டில் அந்த நேரத்துக்குள் போதுமான வெளிச்சம் சென்சாருக்குக் கிடைக்காது. அதனால் போன் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், எண்ணிக்கை குறையும். போன் சூடானாலும் ஃப்ரேம்கள் விடுபடலாம். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் இன்னும் மோசம். திரையில் எதுவும் மாறாத நேரத்தில் புது ஃப்ரேமே எழுதாத போன்கள் இருக்கின்றன.

போன் இதை மறைப்பதும் இல்லை. எந்த ஃப்ரேம் எந்த நொடியில் வர வேண்டும் என்று ஃபைலுக்குள்ளேயே குறித்து வைக்கிறது. வீடியோ பிளேயர் அந்தக் குறிப்பைப் பார்த்து ஓட்டுகிறது, அதனால்தான் போனில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. சில எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாமல், எல்லா ஃப்ரேமையும் 30 கணக்கில் வரிசையாக அடுக்கிவிடும். சராசரி 29.9 ஆக இருந்தால் ஒரு மணி நேரத்தில் 1,07,640 ஃப்ரேம்கள். 30 கணக்கில் ஓட்டினால் படம் 59 நிமிடம் 48 விநாடியில் முடிந்துவிடும், ஆடியோ மட்டும் இன்னும் 12 விநாடி பேசிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் குறைந்தது பத்து விநாடிக்கு ஒரே ஒரு ஃப்ரேம்! 30 விநாடி ரீல்ஸில் இது 0.1 விநாடிதான், யாருக்கும் தெரியாது. நீளமான பேட்டி, கல்யாண வீடியோ, பாட்காஸ்ட் எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இதுதான் பிரச்னையா?

ஆரம்பம் முதல் கடைசி வரை சத்தம் ஒரே அளவு தள்ளி வந்தால் காரணம் வேறு. ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். போகப் போக விலகல் கூடிக்கொண்டே போனால் ஃப்ரேம் ரேட்டைச் சந்தேகப்படலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் ஃபைலைத் திறந்தால் 'ஃப்ரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்று இருக்கும். ஆடியோவை மொத்தமாக இழுத்துச் சுருக்கிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. வேஸ்ட். விலகல் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வராது, ஓரிடத்தில் சேர்ந்தால் இன்னோரிடத்தில் பிரியும்.

சரியான வழி, எடிட்டிங்கைத் தொடங்கும் முன்பே ஃபைலை கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுவது. இதற்கு ஹேண்ட்பிரேக் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். ஃபைலைத் திறந்து, 'வீடியோ' டேபில் ஃப்ரேம் ரேட்டை 30 என்று வையுங்கள். அதன் அருகிலேயே 'பீக் ஃப்ரேம்ரேட்', 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என்று இரண்டு ஆப்ஷன்கள் இருக்கும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற வழக்கமான பிரீசெட்டில் பீக்தான் டிக் ஆகியிருக்கும். பீக் என்றால் '30-க்கு மேல் போகாதே' என்று மட்டுமே அர்த்தம், கீழே இறங்கலாம். அப்படியே கன்வெர்ட் செய்தால் கிடைப்பது இன்னொரு வேரியபிள் ஃபைல்! கான்ஸ்டன்டை நீங்களேதான் தேர்வு செய்ய வேண்டும்.

அதே டேபில் குவாலிட்டி எண்ணை 22-லிருந்து 18-க்கு இறக்குங்கள். இங்கே எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைல் சைஸும் கூடும். எடிட் முடித்து எக்ஸ்போர்ட் செய்யும்போது இன்னொரு முறை கம்ப்ரஸ் ஆகும் என்பதால் இப்போது கஞ்சத்தனம் வேண்டாம். 4கே-வில் எடுத்தவர்கள் கவனம், 1080 பிரீசெட் படத்தையே சுருக்கிவிடும். 2160 என்று பெயரில் இருக்கும் பிரீசெட்டை எடுங்கள்.

ஃப்ரேம் விடுபட்ட இடத்தில் முந்தைய ஃப்ரேமையே இன்னொரு முறை போட்டு நிரப்புகிறது ஹேண்ட்பிரேக். நேரம் மாறாது, சத்தமும் அதனதன் இடத்தில் நிற்கும். 30-ல் எடுத்ததை 'சினிமா லுக் வேணும்' என்று 24 ஆக்கினால் நடை தட்டுத் தட்டி ஓடும். 60 ஆக்கினால் இல்லாத ஃப்ரேம் எங்கிருந்தும் முளைக்காது. ரெண்டு போனில் எடுத்திருந்தால் இரண்டையும் ஒரே எண்ணுக்கு மாற்றுங்கள். ஸ்லோமோஷனுக்காக 120, 240-ல் எடுத்த ஷாட்களை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், 30 ஆக்கினால் ஸ்லோமோவுக்கான ஃப்ரேம்கள் காலி.

அடுத்த ஷூட்டில் வெளிச்சத்தைக் கூட்டினாலே பாதி தொல்லை குறையும். ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் 'ரெக்கார்ட் வீடியோ' பகுதிக்குள் இருக்கும் 'ஆட்டோ எஃப்.பி.எஸ்'-ஐ ஆஃப் செய்யுங்கள். பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப்களில் ஷட்டரையும் லாக் செய்யலாம். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வைத்தால் டியூப்லைட் மினுக்கலும் வராது. இவ்வளவு செய்தாலும் போன் கொஞ்சம் ஏற்றி இறக்கத்தான் செய்யும். அதனால் ரெக்கார்டிங்கின் ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கேமராவுக்கு முன் கைதட்டி வையுங்கள். கன்வெர்ட் ஆன ஃபைலில் ரெண்டாவது கைதட்டலில் படமும் சத்தமும் சேர்ந்து வந்தால் எடிட்டைத் தொடங்கலாம். அதுவரைக்கும் போனில் இருக்கும் ஒரிஜினல் அங்கேயே இருக்கட்டும்.